காலடியில் பொன்னுரங்கம்

தாழைமேடு என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே அரண்மனை உண்டு, யானை உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். என் கதை, நான் வைப்பேன்.

அந்த நாட்டு ராஜா கோடைமுடி பூபதி. மகா கஞ்சன். பக்கத்து நாட்டு ராஜா தனக்கென்று ஒரு வலைத்தளம் வைத்துக்கொண்டான் என்று காதில் விழுந்ததும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. மயிலேறியைக் கூப்பிட்டு அனுப்பினார். மயிலேறி அரண்மனைச் சேதிகளை எழுதுகிறவன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன்.

"மயிலேறி, நமக்கும் ஒரு வலைத்தளம் வேணும். பார்க்கிறவன் வாயைப் பிளக்கணும். ஆனா ஒரு பைசா செலவாகக் கூடாது."

"தளத்துக்கு ரெடிமேடா செஞ்சுவெச்ச இலவச தீம் எக்கச்சக்கமா கிடக்குது மன்னா. பார்த்துப் பொறுக்கிக்கலாம்."

பொறுக்கினார்கள் ஐயா, மூன்று நாள் பொறுக்கினார்கள். முதல் தீமில் ராஜாவின் படம் வட்டத்துக்குள் அடைபட்டு, மீசையின் இரண்டு நுனியும் வெட்டுப்பட்டுப் போயின. "என் மீசையில கை வைக்க இவன் யாருடா?" என்று எகிறினார். இரண்டாவது தீமில் பட்டப்பெயர்களை ஏற்றினார்கள். மொத்தம் பதினெட்டுப் பட்டம். அது ஒன்பது வரிக்கு வழிந்து ராஜாவின் முகத்தையே மூடிவிட்டது.

"பட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா மன்னா?"

"முகத்தைக் குறை!" என்றார் ராஜா.

மூன்றாவது தீம் கணினியில் நன்றாகத்தான் இருந்தது. செல்போனில் திறந்தால் ராணி மேலே, ராஜா கீழே. "வீட்டு நிலவரம் நாட்டுக்கு எதுக்கு? மூடு" என்றார்.

நாலாவதில்தான் மனுஷன் சொக்கிப்போனார். தங்க நிறம், நாலு பக்கமும் பூவேலை. உண்மையில் அது கல்யாண மண்டபத்துக்காகச் செய்த தீம். மயிலேறி அதைச் சொல்லவில்லை. நாலாவது நாளும் உட்கார அவனுக்கு என்ன தலையெழுத்தா?

"நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன்னு டிக் பண்ணச் சொல்லுது மன்னா. ஒரு தடவை படிச்சுடறேன்."

"ராஜாவுக்கே நிபந்தனையா? தள்ளு!" என்று மௌஸைப் பிடுங்கித் தன் கையாலேயே டிக் பண்ணினார்.

தளம் திறந்தாயிற்று. நாடே ஆகா ஓகோ என்றது. பிரதானி வச்சிரநாதருக்கு மட்டும் வயிறு எரிந்தது. மயிலேறியின் வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கிக் கொடுக்க ஆறு வருஷமாக அலைகிற ஆள் அவர். தளத்தில் ஏதாவது குறை கிடைக்காதா என்று துழாவினார். ராஜா யானைமேல் இருக்கிற படம், ராஜா யானைக்குப் பக்கத்தில் நிற்கிற படம், யானை மட்டும் இருக்கிற படம் எல்லாம் தாண்டிக் கீழே கீழே போனார். அந்த நாட்டில் ஒருத்தரும் அவ்வளவு தூரம் போனதில்லை. கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது: 'வடிவமைப்பு: கோ. பொன்னுரங்கம்.'

மறுநாள் சபைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மன்னா, வயிறு பத்தி எரியுது! உங்க தளத்துல எவனோ பொன்னுரங்கம் பேரை எழுதிவெச்சிருக்கான். மயிலேறிக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?"

ராஜா கொதித்துப்போனார். "மயிலேறி! அந்தப் பேரை இப்பவே எடு."

"எடுக்கக்கூடாது மன்னா. இந்த தீம் செஞ்சவனே அவன்தான். இலவசமா வாங்கினவங்க அந்தப் பேரை எடுக்கக்கூடாதுன்னு நிபந்தனையிலேயே இருக்கு, அப்புறமா படிச்சுப் பார்த்தேன். ஒப்புக்கிட்டது நீங்க. அது ராஜவாக்கு."

"வேற வழியே இல்லையா?"

"காசு கொடுத்தா எடுத்துடலாம்."

காசு என்றதும் ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. "வாக்கையும் மீறமாட்டேன், காசும் தரமாட்டேன். ஆனா அந்தப் பேரால எனக்கு அவமானம் வரக்கூடாது. பொழுது சாயறதுக்குள்ள வழி சொல்லு. இல்லேன்னா பெண்டாட்டி பிள்ளையோட நாட்டு எல்லையைத் தாண்டு!"

பிரதானி அப்போதே மச்சினனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். மயிலேறிக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது. வீட்டில் கைக்குழந்தை. இந்த வெயிலில் எங்கே தூக்கிக்கொண்டு அலைவது? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கைகட்டி நின்றான்.

"பொழுது சாயற வரைக்கும் எதுக்கு மன்னா? ஒரே ஒரு சந்தேகம். இன்னிக்குக் காலையில எத்தனை பேர் உங்க காலில விழுந்தாங்க?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "சபையே விழுந்தது. நாற்பது பேர். பிரதானி மட்டும் ரெண்டு தடவை."

"இவங்களுக்கெல்லாம் சம்பளம்?"

"பின்னே? மாசா மாசம் வாங்கிடறாங்களே! பிரதானிதான் வரிசையில முதல் ஆள்."

"பொன்னுரங்கத்துக்கு என்ன கொடுத்தீங்க?"

"அவனுக்கு எதுக்குடா கொடுக்கணும்? இலவசம்தானே!"

"அதைத்தான் சொல்றேன் மன்னா. பக்கத்தோட தலையில நீங்க இருக்கீங்க. அவன் உங்க காலடியில கிடக்கான். காசு கொடுத்தாத்தான் எழுந்து போவேங்கறான். ஒரு சம்பளமும் வாங்காம உங்க காலடியில கிடக்கிறவன் இந்த ராஜ்ஜியத்துல அவன் ஒருத்தன்தான். அவனையும் விரட்டிடணுமா?"

சபையில் நாற்பது பேரும் அவரவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ராஜா மீசையை நீவினார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி மயிலேறிக்குப் போட்டார்.

"பொன்னுரங்கம் இருக்கட்டும். நீயும் இருடா!" என்றவர், பிரதானி பக்கம் திரும்பினார். "ஓய் வச்சிரநாதரே! இந்த மாசத்திலிருந்து உமக்குச் சம்பளம் கிடையாது. நாளைக் காலையில வந்து விழுவீர் இல்லையா?"

பிரதானி மெதுவாக இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"விழறதுக்கென்ன மன்னா... குனியக்கூடாதுன்னு வைத்தியர்தான் சொல்லியிருக்கார்."