ஆவுடையின் கைப்பக்குவம்

ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் இருக்கிற துறவி ஓடைச்சாமிக்கு நாற்பது வயது. அவருடைய ஒரே சீடருக்கு அறுபத்தேழு. ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. கேட்டுக்கொண்டிருந்த சாமியும் சேர்ந்து சிரித்தார். சீடருக்கு மட்டும் சிரிப்பு வந்து வெகு நாளாகிவிட்டது.

சீடரின் பெயர் கோமதிநாயகம். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். தவசுப்பிள்ளை என்பார்கள் அந்தப் பக்கத்தில். தேங்காய்ப்பால் சொதி வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால், "சமையல் யாரு, கோமதி அண்ணாச்சியா?" என்று கேட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

ஐம்பத்தைந்து வயதில் அவருடைய சிறுநீரகம் தகராறு செய்தது. டாக்டர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். உப்பு பேருக்குக்கூட வேண்டாம் என்றார். ஊறுகாய், அப்பளம், தேங்காய்ப்பால், வாழைப்பழம் எதுவும் ஆகாது. காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சொதி வைக்கிற மனிதரிடம் சொல்கிற பேச்சா இது? அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் அதிகம் பேசவில்லை.

"எந்திரிங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டாள். வடித்த பீர்க்கங்காயில் பூண்டைச் சுட்டு நசுக்கிப் போட்டாள். மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்துத் தூவினாள். இறக்குகிற நேரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். சாயங்காலம் அரிசிமாவில் ஓமம் போட்டு உப்பில்லாத சீடை. கார்த்திகைக்குச் சீனி போட்ட இலைக் கொழுக்கட்டை. கோமதிநாயகம் வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"உப்பு போடலேங்கதே மறந்து போச்சு, ஆவுடை!"

அவள் கரண்டியோடு எதிரே நின்றுகொண்டிருப்பாள். நீயும் உட்காரேன் என்பார்.

"எனக்கு இப்ப வேண்டாம். அடுப்படியிலயே நின்னேனா, வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு. பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்."

அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விடுவார். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டவர் வீட்டு அடுப்பைத் தொட்டதில்லை. அந்தத் தொழிலில் அப்படி ஒரு வீம்பு உண்டு.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போனது. போன பங்குனியில் ஒரு காய்ச்சலில் ஆவுடை இறந்துபோனாள். பிள்ளைகள் கிடையாது.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் தனக்குத் தானே சமைத்தார். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் அவர் காதுக்கே பெரிதாகக் கேட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு குரல் இல்லை. பொழுது இறங்கினால் அந்த வீட்டில் இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. ஓடைக்கரைக்கு வந்து சாமி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சில நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவரே வாயைத் திறந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஆவுடை அதில என்னத்தப் போட்டா?"

"எதில?"

"என் சாப்பாட்டுல. அவ வச்சிருந்த மிளகுதான், அவ பொழங்குன சட்டிதான். பூண்டையும் அப்படியே சுடுதேன். சீரகம் வறுக்கிற பதம் எனக்குத் தெரியாதா? அவளவிட நல்லாவே வறுப்பேன். ஆனா வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு சாமி."

"சாப்பிடுதியளா, இல்லையா?"

"ரெண்டு வாய். அதுக்கு மேல எறங்க மாட்டேங்கு."

அது பார்த்தாலே தெரிந்தது. கொடியில் காயப்போட்டது போலச் சட்டை அவர் தோளில் தொங்கியது.

"உங்களுக்குத் தெரியாத பொருளாவா போட்டிருப்பாங்க?" என்றார் சாமி.

"என்னமோ போட்டிருக்கா. சொல்லாமலே போயிட்டா." கோமதிநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை கீழத்தெருவுல ஒரு மறுவீட்டு விருந்து. சமையல் நம்ம பையங்கதான், நான் மேல்பார்வை. சொதி, இஞ்சிப் பச்சடி, அப்பளம், உருளைக்கிழங்குப் பொரியல், பாயசம். நான் பந்தியில உக்காரப் போறேன்."

"உக்காந்து?"

"எல்லாத்தையும் சாப்பிடப் போறேன். உப்போட. வயிறார."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"இப்ப இருக்கிற நெலைமையில ஒரு பந்தி தாங்காதுங்காரு. தாங்க வேண்டாம் சாமி. யாருக்காகத் தாங்கணும்?"

அழவில்லை. சந்தையில் காய் விலை சொல்வது போலச் சொன்னார். கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

சாமி, வேண்டாம் என்று சொல்லவில்லை. புத்தியும் சொல்லவில்லை. ஓடையில் ஒரு கொக்கு நின்றிருந்தது. அது பறந்து போகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை மத்தியானம் இங்க வாங்க. காலையில அடுப்புப் பத்த வைக்காதிய."

"எதுக்கு சாமி?"

"சாப்பிட."

கோமதிநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமிக்கென்று சமையல் கிடையாது. நாளுக்கு ஒரு வீடு என்று ஊர் முறை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுக்கும். அதை யாரோடும் பகிர்ந்துகொள்வார், உப்பு உறைப்புப் பார்க்க மாட்டார்.

"ஊர்ச்சோத்துல உப்பு இருக்குமே."

"இருக்காது. வாங்க."

புதன்கிழமை வெயில் ஏறின பிறகு கோமதிநாயகம் கிளம்பினார். ஓடைப்பாதையில் எதிரே கனகு வந்தாள். அன்றைக்கு முறை அவள் வீடு. கையில் தூக்குச்சட்டி கனத்துத் தொங்கியது. சோறு அப்படியே திரும்பி வருகிறது என்று தெரிந்தது.

"என்னம்மா, சாமி இல்லையா?"

"இருக்காரு பெரியப்பா. சோறு வேண்டாமாம். இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமே ஒரு வீட்டுலயும் கொண்டு வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. அடுப்பு வேற மூட்டியிருக்காரு. நீங்க போய் என்னன்னு பாருங்க, எனக்குப் பயமா இருக்கு."

அவள் பயந்ததில் தப்பில்லை. புங்கமரத்தடியில் மூன்று கல் கூட்டி, அதில் பச்சை விறகைத் திணித்து, சாமி குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தாடியில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"தள்ளுங்க சாமி!" கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"நில்லுங்க. அங்க போய் உக்காருங்க."

"நான் ஒரு நிமிசத்துல..."

"அந்தப் பாறையில போய் உக்காருங்க அண்ணாச்சி. பொகையும் மணமும் அங்க வராது. கூப்பிடுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

சீடர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சாமி பீர்க்கங்காயை விறகு வெட்டுவது போல வெட்டினார். கடுகு வெடித்து ஓய்ந்து கருகிய பிறகும் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். காயை வடிக்கும்போது பாதி மண்ணில் விழுந்தது. ஐந்நூறு பேருக்கு ஆக்கிய மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சாமி, அடி பிடிக்கு!"

"பிடிக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் அவர் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்த்தால் தாங்காது. ஓடைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கையில் கரண்டி இல்லை, கண்ணில் புகை இல்லை. அடுப்பில் தீ அதிகமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. காற்று ஓடையிலிருந்து அவர் மேல் வீசியது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தவருக்குப் பசித்தது.

முதலில் அது பசி என்றே தெரியவில்லை. வயிற்றில் என்னவோ செய்கிறதே என்றுதான் நினைத்தார். ஆவுடை போன பிறகு அந்த விருந்தாளி அவர் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

"அண்ணாச்சி, வாங்க."

வாழையிலை போட்டிருந்தது. ஒரே இலை. சோறு ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விறைத்தும் இருந்தது. பீர்க்கங்காய் கருகல் வாடையோடு வந்து விழுந்தது. ஒரு பொட்டு உப்பு கிடையாது. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார், விதையோடு.

கோமதிநாயகம் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். விதையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டார்.

சாமி கரண்டியோடு எதிரே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா சாமி?"

கேட்ட பிறகுதான், கேட்டது தான் என்று அவருக்கு உறைத்தது. இலையைப் பார்த்தார். வழித்துச் சாப்பிட்டிருந்தார். சாமி மறுபடி போட்டார். அதுவும் போயிற்று.

"சாமி, இதில என்னத்தப் போட்டிய?"

"பீர்க்கங்காய், மிளகு. நீங்கதான் பாத்தியளே."

"அடி பிடிச்சிருக்கு."

"ஆமா."

"கடுகு கரிஞ்சு போச்சு."

"ஆமா."

"எங்கிட்ட வேல பாக்கிற பையன் இப்படிச் சமைச்சா தொரத்தி விட்டிருப்பேன். ஆனா எனக்கு எறங்குதே சாமி! எப்படி?"

"நீங்க சமைக்கலையே" என்றார் சாமி.

கோமதிநாயகம் கையை இலையில் வைத்தபடி யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்ததுதான் அது. எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்! நாள் முழுக்கப் புகையிலும் மணத்திலும் நின்றவருக்கு எந்தச் சொதியும் இறங்காது. ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார், ஆவுடை ஆக்கியதைச் சாப்பிட. உலகத்தில் எந்தத் தவசுப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவள் ஒன்றும் ஒளித்துவைத்துப் போடவில்லை.

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு சிரிக்கக்கூடச் செய்தார். நிமிர்ந்து பார்த்தவருக்கு அப்போதுதான் சாமி இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

"நீங்க சாப்பிடலையா சாமி? உக்காருங்க, நான் போடுதேன்."

"எனக்கு இப்ப வேண்டாம் அண்ணாச்சி. அடுப்படியிலயே நின்னேனா, வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு."

கோமதிநாயகத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

சாமி கரண்டியைச் சட்டியில் வைத்தார். சட்டியில் ஒரு பிடி சோறு அடியில் ஒட்டிக் கிடந்தது.

"சாமி."

"சொல்லுங்க."

"இதே வார்த்தையைத்தான் அவளும் சொல்லுவா. தெனமும் சொல்லுவா."

கோமதிநாயகம் அணைந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தார்.

"நான் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அவ பொறவு தனியா உக்காந்து..." என்றவர் சாமியை நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கும் இப்படி மண்ணு மாதிரிதானே இருந்திருக்கும்? நான் ஒரு நாளும் வீட்டு அடுப்பைத் தொட்டதில்ல சாமி. அவளுக்கு யாரு சமைச்சுப் போட்டா?"

சாமி குனிந்து இலையை எடுக்கப் போனார். கோமதிநாயகம் விடவில்லை. எச்சில் கையோடு இலையைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லுங்கள் என்பது போல அவர் முகத்தையே பார்த்தார். கண்ணீர் தாடை வழியாக இறங்கி இலையில் விழுந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சாமி அவருக்கு எதிரே, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஊர்ச்சோறு இனி வேண்டாம்னு சொல்லிவிட்டுட்டேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை எனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"