நிழல் விழாத மூலை

ஒரு ஊர்ல ஒரு மனுஷன் இருந்தாராம், வெயிலைப் புடிச்சு டப்பாவுல அடைக்கணும்னு ஆசைப்பட்ட மனுஷன். ம் சொல்லு, சொன்னாத்தான் கதை நகரும். ம்... ஆங், அப்படி.

அவர் பேரு தெய்வசிகாமணி. ரேஷன் கடையில அரிசி நிறுத்துப் போடுற வேலை. வீட்டுக்கு வந்தா சட்டையைக்கூடக் கழட்ட மாட்டாரு, நேரா மொட்டை மாடிதான். அங்க வெயில்ல கரண்டு எடுக்குற பேனலு, லாரி பேட்டரி, ஒயருன்னு ஒரு தனிக் குடித்தனமே வச்சிருந்தாரு. அவர் சம்சாரம் செண்பகவல்லிக்கு ஒரு செவலைக் கோழி. உள்ளங்கையில அடங்குற குஞ்சா இருந்தப்போலேருந்து வளர்த்தது. இவருக்கு மாடின்னா அவங்களுக்குக் கோழி.

முதல்ல அவர் என்ன செஞ்சாரு, பேனலைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில வச்சாரு. வெயில்ல கிடந்தா சூடாகிக் கெட்டுப்போயிருமாம். கேட்டியா கூத்தை? பல்பு மினுக்... மினுக்... பொசுக்.

அப்புறம் ஆடி மாசம். காத்துலேருந்து கரண்டு எடுக்குறேன்னு சைக்கிள் சக்கரத்துல தகரத்தை வெட்டிக் கட்டி மாடியில நட்டாரு. விர்ர்ர்ருன்னு சுத்துச்சு. சுத்தி, கழண்டு, பறந்துபோயி, பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில தொபுக்கடீர். அந்த மாடு அரண்டுபோயி மூணு நாள் அங்க தண்ணியே குடிக்கல.

மூணாவதா, நாள் முழுக்க மாடியில நின்னு எங்கெங்க நிழல் விழுதுன்னு சாக்பீஸால கோடு போட்டாரு. ஒரு மூலை கிடைச்சுது. தென்னை நிழலும் வராது, தண்ணி டேங்க் நிழலும் வராது. அங்க பேனலை இடுப்பு உசரத்துல, லேசா சாய்ச்சு நிறுத்தினாரு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. அப்புறம் அவரைக் கையில புடிக்க முடியுமா? அரிசி வாங்க வர்றவங்க, பால்காரரு, யாரையும் விடல. "நம்ம மாடியில பொட்டு நிழல் விழாத இடம் அதுதான். அங்க காயுற வெயில் வேற எங்கயும் காயாது"ன்னு ஒரே பீத்தல். செண்பகவல்லியும் தினம் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. இதை ஞாபகம் வச்சுக்க. ம்?

அப்போ சித்திரை மாசம். செவலைக் கோழி பதினோரு முட்டை மேல அடைக்கு உட்கார்ந்துச்சு. இருபத்தோரு நாள்ல குஞ்சு பொரியணும். பத்தாம் நாள் காலையில செண்பகவல்லி கூடையைத் தூக்கிப் பார்த்தா, கோழி இல்ல. செவலை இறகு மட்டும் கிடக்கு. கீரி வந்து கோழியைக் கவ்விக்கிட்டுப் போயிருக்கு, முட்டையைத் தொடல. முட்டைங்க இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. அவங்க ஒவ்வொண்ணா எடுத்து முந்தானையில பொத்தி வச்சுக்கிட்டாங்க.

அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கல. ஒரு அட்டைப்பெட்டியில வைக்கோலைப் போட்டு, முட்டையை அடுக்கி, மேல பல்பைத் தொங்கவிட்டாரு. அந்த ஊர்ல கரண்டு வர்றதும் போறதும் அதோட இஷ்டம். அதனால பேட்டரியிலேருந்து ஒயரு இழுத்தாரு.

"பகல்ல வெயில் பேட்டரியை ரொப்பும், ராத்திரி பேட்டரி பல்பை எரிக்கும். உன் முட்டைக்கு நான் பொறுப்பு, செண்பகம்."

"இது முருங்கை மரத்தடி மாதிரி ஆயிராதே?"

"ஆகாது."

ஆகல. ஒரு நாள், ரெண்டு நாள், பத்து நாள், பல்பு அணையல. இருபதாம் நாளும் வந்துச்சு. அவர் எந்திரிச்சுப் பெட்டியைத் திறந்தாரு. இருட்டு. தொட்டுப் பார்த்தாரு. சில்லுன்னு இருக்கு. நேத்து கொளுத்துன வெயிலுக்கு பேட்டரி ரொம்பி வழிஞ்சிருக்கணுமே. ஒயரை எலி கடிச்சிருச்சோ, பேனலை எவனாச்சும் தூக்கிட்டானோன்னு தடதடன்னு மாடிப்படி ஏறினாரு.

ஏறிப் பார்த்தா...

பேனல் மேல வெள்ளை வேட்டி. நாலு மூலையிலயும் இழுத்துக் கட்டியிருக்கு. அதுல வரிசை வரிசையா கூழ் வத்தல். செண்பகவல்லி கரண்டியும் கையுமா ஊத்திக்கிட்டு இருக்காங்க. விடியும்போதே மாடிக்கு வந்துட்டதால பெட்டியை அவங்க பார்க்கவே இல்ல.

"நேத்தும் இங்கதான் ஊத்தினியா?"

"ஆமாங்க. நீங்க கடைக்குப் போனதும் ஊத்தி, சாயங்காலம் எடுத்துட்டேன். ஒரே நாள்ல என்னமாக் காயுது. நிழலே விழாத இடம்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

அவருக்குக் கோபம் வரல. நிழல் விழாத இடத்துல அவர் வாயே ஒரு நிழலைக் கொண்டுவந்து போட்டிருச்சே. "பல்பு அணைஞ்சிருச்சு செண்பகம்"னு மட்டும் சொன்னாரு.

அவங்க கையிலேருந்த கரண்டி விழுந்துச்சு, டங்ங்ங். தன் முட்டை மேல எரிஞ்ச பல்பை அணைச்சது தன் வத்தல்தான்னு அப்பத்தான் அவங்களுக்கு உறைச்சுது. வேட்டியைப் பிடிச்சு ஒரே இழுப்பு. வத்தல் கூழு சொதசொதன்னு தரையில. கீழே ஓடி, பெட்டியோட முட்டையை அள்ளிக்கிட்டு வந்தாங்க. வெயில் ஏற ஏறப் பேனல் சூடாச்சு, அதுக்கு அடியில அனல் கட்டிக்கிச்சு. அங்க பெட்டியை வச்சு, பழஞ்சேலையைப் போர்த்தி, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாங்க. அன்னைக்கு அடுப்பும் எரியல, அவர் ரேஷன் கடைக்கும் போகல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவும் இல்ல.

தூங்கிட்டியா? ம்... இன்னும் கொஞ்சம்தான்.

ராத்திரி பேட்டரி பல்பை எரிச்சுது. மறுநாள் வெயில் வந்ததும் மறுபடி பேனலுக்கு அடியில. மத்தியானம் ஆச்சு. முட்டை அசையல. செண்பகவல்லி சேலையை விலக்கி ஒரு முட்டையைக் காதுல வச்சாங்க. ஒண்ணும் இல்ல. ரெண்டாவது. ஒண்ணும் இல்ல. மூணாவது.

டொக்.

அப்புறம் டொக் டொக். கீய். கீய் கீய். ரெண்டு முட்டை கடைசி வரைக்கும் திறக்கல. ஒம்போது திறந்துச்சு.

பத்து நாள் கழிச்சு அவருக்குப் புதுசா ஒரு யோசனை. சூரியன் போற பக்கமெல்லாம் பேனல் திரும்புற மாதிரி ஒரு சக்கரம் மாட்டணுமாம். ஸ்பேனரை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாரு. குஞ்சுங்க அங்க மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்போ வானத்துல பருந்து. அதோட நிழல் தரையில சர்ருன்னு ஓடுச்சு. ஒம்போது குஞ்சும் குடுகுடுன்னு ஓடுச்சு. கூடைக்கு ஓடல. செண்பகவல்லி காலடிக்கும் ஓடல. நேரா அந்தப் பேனலுக்கு அடியில போயி, தாய்க்கோழி இறக்கைக்குள்ள பதுங்குற மாதிரி ஒண்டிக்கிச்சுங்க.

அவர் ஸ்பேனரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, சத்தமில்லாம கீழே இறங்கி வந்துட்டாரு. குஞ்சுங்க பெரிசாகுற வரைக்கும் அந்தப் பேனல்ல அவர் கையே வைக்கல.

குஞ்சும் ஒண்டிக்கிச்சு, கதையும் ஒண்டிக்கிச்சு. நீயும் போர்வைக்குள்ள ஒண்டிக்க. தூங்கு.