வெந்நீர் ஏரியும் முதற்பரிசலும்

ஒகேனக்கல் பரிசல் துறையில் ஐம்பத்தாறு ஆண்டுகள் துடுப்புப் பிடித்தவனும், காலஞ்சென்ற பச்சியப்பனின் மூத்த குமாரனும், வயது எழுபத்தொன்று நிறைந்தவனுமாகிய சின்னப்பையன் என்னும் நான் கூறுவது யாதெனில்:

ஆடிப் பதினெட்டன்று முதற்பரிசலை, சென்ற ஓராண்டுக்குள், துறையினர் வேறெவரும் போகாத நீரில் துடுப்புப் போட்டவனே விட வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். மேட்டூர் நீர்த்தேக்கத்தைத் தனியே கடந்ததாகச் சொல்லி, என் மைத்துனன் நஞ்சப்பன் அவ்வுரிமையைக் கோரினான். நானோ மீன் வறுக்கும் மாதம்மாளின் கடைமுன் துறையினரைக் கூட்டி, சென்ற ஆடியில் மகளுடன் லடாக் சென்றபோது படகு விட்ட ஏரியை விவரிக்கலானேன்.

அவ்வேரியிலிருந்து மேகத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பறந்து வந்த கழுகொன்று இளைத்துப்போய் என் துடுப்பின் நுனியில் அமர்ந்து, கீழே இறங்க வழி கேட்டது.

“எந்தப் பாஷைல கேட்டுச்சு மாமா?” என்றான் நஞ்சப்பன்.

“மூச்சு வாங்குதுன்னு சொல்றேன், பேசுமா? சாடை காட்டுச்சு.”

ஏரியின் நடுவே பனிக்கட்டி மிதந்தது. கரையோரமெங்கும் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொப்பளித்தது. குளிர் தாங்காத மீன்கள் கரைக்கு ஓடிவந்து வெந்து மிதந்தன. துடுப்பில் மிளகாயும் மஞ்சளும் பூசி ஒரு வலி வலித்தேன். குழம்பாகவே வந்தது.

“புளி?” என்றாள் மாதம்மாள்.

“அது மட்டும் கொஞ்சம் கம்மி” என்று உண்மையை ஒப்புக்கொண்டேன்.

முருங்கைக்காய்போல் ஒடுங்கிய கயாக் படகு அது. முன்படகில் சென்ற வழிகாட்டி தோர்ஜே, நேராக வரும்படி கைகாட்டினான். ஆயினும் பரிசலில் பயணிகளை மூன்று சுற்றுச் சுழற்றி மகிழ்வித்தே பழகிய கையல்லவா? சுழற்றிவிட்டேன். ஏரியே சுழன்றது. வெந்நீரும் தண்ணீரும் கலந்து குளிக்கும் பதத்துக்கு வர, தோர்ஜேயின் ஊரார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கிவிட்டனர்.

“அப்புறம்?” என்றனர் துறையினர்.

அடியிலிருந்த ஊற்று வெடித்து என்னைப் படகோடு மேகத்தில் வைத்தது. மேகத்திலும் துடுப்புப் போட்டேன். குடகு மலைக்கு மேல் வந்ததும், கை சும்மா இராமல் மறுபடி சுழற்றினேன். மேகம் கிழிந்தது.

“போன ஆடியில காவேரி ரெண்டு கரையும் பொரண்டுச்சே, அணையத் தொறந்துட்டாங்கன்னா நெனச்சீங்க?”

நஞ்சப்பன் மெதுவாகத் தாடையைச் சொறிந்தான். “அப்ப அந்த வெள்ளம் நீ கொண்டாந்ததா மாமா?”

“நானேதான்.”

“அதுலதான மாதம்மா அடுப்பு அடிச்சிட்டுப் போச்சு?”

மாதம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒரு வருசமா மூணு கல்ல வெச்சு வறுக்கறேன்ணா. பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லு, விட்டுர்றேன். நெசம்னா அடுப்பக் கட்டிக் குடு. பதினெட்டன்னிக்கு விடிஞ்சதும் ஆரம்பிச்சிரு.”

பொய்யென்றால் முதற்பரிசல் இல்லை. மெய்யென்றால் பரிசல் விடும் நேரத்தில் கையில் சேறு. ஐம்பத்தாறு ஆண்டுப் பெயரை நினைத்தேன், மெய்யென்றேன்.

ஆடிப் பதினெட்டன்று நஞ்சப்பன் கழுத்தில் மாலையோடு முதற்பரிசலை விட்டான்.

“அவன் மெதக்கறது நான் கொண்டாந்த தண்ணி” என்றேன், அடுப்புக்குக் கல் அடுக்கியபடியே.

“தண்ணி இருக்கட்டும்ணா, அந்தக் கல்லு கோணலா இருக்குது” என்றாள் மாதம்மாள்.

இவ்விவகாரம் தீர்ந்த நாள்: 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் மூன்றாம் நாள், ஆடி பதினெட்டு, சனிக்கிழமை.