பதினாலாம் போர்ட்டின் நாற்பத்தோராயிரம்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு நாற்பத்தொன்பது.

தூத்துக்குடியில் ஒரு பெரிய மருத்துவமனை. ஸ்கேன் படங்களைச் சேமிக்கிற சர்வர் அறைக்குக் கோமதி பொறுப்பு. மருந்துக் கிடங்கிலிருந்து மாற்றலாகி வந்து அவளிடம் வேலை பழகுகிறவர் சிங்காரவேலு. தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் கற்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. பொறுமைதான் கிடையாது.

அன்று காலை ஆபரேஷன் தியேட்டர் திரையில் ஒரு படம் வர ஆறு நிமிடம் ஆனது. நோயாளி மேசையில், டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "யார் தப்பு? மூணு மணிக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்" என்று நிர்வாகி போனில் கத்தினார்.

சிங்காரவேலு பேரோடு வந்துவிட்டார்.

"ஜெசிந்தா, மேடம். காண்ட்ராக்ட்ல கேபிள் போடுற பொண்ணு. பதினாலாம் போர்ட்ல நாற்பத்தோராயிரம் பிழை! அங்க சொருகினது அவதான். லெட்டர் ரெடி, கையெழுத்துப் போடுங்க."

சர்வர்களையும் சேமிப்புப் பெட்டிகளையும் இணைக்கிற இயந்திரம் ஸ்விட்ச். அதன் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். வந்து சேரும் தகவல் சிதைந்திருந்தால், ஒன்று இரண்டு என்று போர்ட் எண்ணி வைத்துக்கொள்ளும்.

ஜெசிந்தா கதவுக்கு வெளியே, கருவிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விசாரணை, விளக்கம் எல்லாம் நிரந்தர ஊழியர்களுக்கு. காண்ட்ராக்டுக்கு ஒரு காகிதம் போதும், நாளையிலிருந்து வரவேண்டாம்.

கோமதி லெட்டரைத் தொடவில்லை. கீபோர்டில் ஒரு வரி தட்டினாள். எல்லாப் போர்ட்டிலும் பூஜ்யம்.

"ஐயையோ! தடயத்தையே அழிச்சிட்டீங்களே!"

"பிரிண்ட் உங்க கையில இருக்கே சார். உக்காருங்க. பத்து நிமிஷம்."

அவரா உட்காருவார்? சுவருக்கும் சுவருக்கும் நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி கடிகாரம். "இப்படியே விட்டா தப்பு பண்ணினவங்க தப்பிச்சிருவாங்க" என்று ஏசியிடம் முறையிட்டார்.

பத்து நிமிடம் ஆனது. பதினாலில் அதே பூஜ்யம். ஒன்பதாம் போர்ட்டில் இருபத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தேழு.

"அப்போ நாற்பத்தோராயிரம் பொய்யா?"

"நிஜம்தான். ஸ்விட்ச் வந்து நாலு வருஷம். யாரும் ஒரு தடவைகூட அழிக்கலை. என்னிக்கு வந்த பிழைன்னு அது சொல்லிச்சா? நீங்களா இன்னிக்குன்னு படிச்சீங்க."

சிங்காரவேலு பேனாவைத் திறந்து பதினாலை அடித்தார். "சரி, ஒன்பது! அதுல சொருகினது யாரு?"

"ஒன்பது கெடுக்கலை சார். கெட்டுப்போய் வந்ததை எண்ணுது. கெட்டது அதுக்கு முன்னாடி எங்கேயோ."

"மணி ரெண்டே முக்கால் மேடம்! எங்கேயோன்னு லெட்டர் எழுத முடியுமா?"

கோமதி கதவைத் திறந்தாள். "அக்கா, ஒன்பதுல இருக்கிற கேபிளோட மறுமுனையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"என்னைத் தூக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே ஜெசிந்தா எழுந்தாள். ஒளியாகத் தகவலைக் கொண்டுபோகிற அந்தக் கண்ணாடி இழைக் கேபிளின் சர்வர் பக்கத்து முனையைக் கழற்றி லென்ஸில் பார்த்தாள்.

"தூசி."

துடைத்துச் சொருகினாள். எண் முப்பத்தொன்றில் நின்றது. மூன்று பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அது நகரவில்லை. தியேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். படம் உடனே வருகிறதாம்.

"அந்தத் தூசியை விட்டது யாரு?" என்றார் சிங்காரவேலு. பேனா இன்னும் திறந்தே இருந்தது.

போன் அடித்தது. கோமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேர்?" என்றார் நிர்வாகி.

"ஜெசிந்தா."

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. சிங்காரவேலு லெட்டரை நிமிர்த்திப் பிடித்தார்.

"சரி பண்ணினது அவங்கதான் சார்."

"சரி பண்ணினது யாருன்னு நான் கேட்டேனா? கெடுத்தது யாரு?"

"எத்தனைன்னு எண்ணுற மெஷின் இருக்கு சார்" என்றாள் கோமதி. "யாருன்னு எண்ணுற மெஷினை நீங்க இன்னும் வாங்கித் தரலையே."