மழவராயர் கற்ற ஒரே சொல்

வேங்கைபுரத்து அரசர் சேந்தமாறருக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து நாட்டில் எது நடந்தாலும் அது தம் நாட்டிலும் நடந்தாக வேண்டும். அங்கே அரண்மனையில் மயில் வளர்த்தால் இங்கேயும் மயில். அந்த அரசர் மீசையை மழித்தால் இங்கே நாவிதருக்கு அழைப்பு. ஒரு நாள் குதிரை வணிகன் ஒருவன் வந்து, "அந்த நாட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் பாடம் கேட்கிறார்கள்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான்.

"இது எனக்கு முன்பே தெரியும்" என்றார் அரசர். மறுநாளே பறையறிவித்தாயிற்று. அரண்மனையில் நரைத்த தலை ஒவ்வொன்றுக்கும் ஓர் இளம் குரு!

தலைமைச் சமையற்காரர், நேற்று வேலைக்கு வந்தவனிடம் ரசம் கற்றார். அன்று அவை முழுக்க மோர் குடித்தே பசியாறியது. அரசர் மட்டும் "ஆகா, என்ன முன்னேற்றம்!" என்று பூரித்துப் போனார்.

தலைமை அமைச்சர் மழவராயருக்குத்தான் வயிறு எரிந்தது. அவருக்கு வாய்த்த குரு உமையாள். அவைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். இவர் அமைச்சரானபோது அவள் அம்மாவுக்கே பல் முளைத்திருக்காது.

மழவராயர் லேசுப்பட்டவரா? அரசர் கேட்கும் கேள்வி முடியுமுன்னே அவரிடமிருந்து பதில் வந்துவிடும். "எனக்குத் தெரியாததா, அரசே?" என்றுதான் தொடங்குவார். சூரியன் எவ்வளவு தூரம் என்றால் தூரம் சொல்வார். யானை கனவில் என்ன காணும் என்றால் கரும்பின் நிறம் உட்படச் சொல்வார். சரியா, தவறா என்று யார் போய்ப் பார்ப்பது?

போன ஆவணியில் பார்க்க நேர்ந்தது. கொள்ளையரைப் பிடிக்கக் கழிமுகத்தைத் தாண்டிப் படை போக வேண்டியிருந்தது. "அங்கே மீன் பிடிப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே" என்றாள் உமையாள். "எனக்குத் தெரியாத வழியா?" என்று மழவராயர் கை நீட்டினார். நீட்டிய திசையில் போன படை இடுப்பளவு சேற்றில் போய் நின்றது. காய்ச்சலில் கிடந்து செத்துப் பிழைத்தவர்களில் உமையாளின் அண்ணனும் ஒருவன். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. மழவராயரைக் கேட்டால், அது மழையின் குற்றம்.

"அரசே, இந்தப் பெண்ணிடம் நான் கற்க என்ன இருக்கிறது?" என்றார் மழவராயர். "ஒரு மாதம் பார்ப்போம். நான் ஒன்றும் கற்கவில்லை என்றால் இவள் மூட்டையைக் கட்டட்டும்."

"கற்றுவிட்டால்?" என்று கேட்டாள் உமையாள்.

"இனி நீ விசாரித்துச் சொல்லும் வழியில்தான் படை போகும்" என்றார் அரசர். "அது சரி, அவருக்கு என்ன கற்றுத் தரப்போகிறாய்?"

"ஒரே ஒரு சொல். இதே அவையில் அவர் வாயால் சொல்ல வைக்கிறேன்."

அருகே போய் அரசர் காதில் அதைச் சொன்னாள். அரசருக்குப் புரையேறிவிட்டது. "இவரா? இந்த ஜென்மத்தில் நடக்காது!"

மழவராயருக்கு அதைக் கேட்டதே பாதி வெற்றி. கற்காமல் இருப்பது ஒரு வேலையா? அதில் அவருக்கு நாற்பது ஆண்டுப் பயிற்சி உண்டு.

பாடம் அவர் வீட்டில் நடந்தது. குருவின் முன் மாணவர் கைகட்டி நிற்பதுதான் முறை. மழவராயர் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு குருவை நிற்க வைத்தார். உமையாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஐயா, மழைக்கு முன்னால் தவளை ஏன் கத்துகிறது?" என்பாள்.

"எனக்குத் தெரியாததா? அதற்குச் சளி."

பவ்யமாகத் தலையாட்டுவாள். அவர் மனைவி வடிவம்மை கொடுக்கும் சீடையைத் தின்பாள். போய்விடுவாள். நாள்தோறும் இதே கதைதான். அந்தச் சொல்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

மழவராயருக்கு உச்சி குளிர்ந்தது. "பார்த்தாயா, குருவே என்னிடம் பாடம் கேட்கிறது!"

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சொல் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் வடிவம்மை.

"எனக்குத் தெரியாததா?"

வடிவம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மாதம் முடிந்தது. உமையாள் ஊருக்குப் போக மழவராயரே அக்கறையாக ஒரு வண்டியைப் பூட்டி அரண்மனை வாசலில் நிறுத்தினார். அவை கூடியது. அரசர் கேட்டார்: "மழவராயரே, உம் குரு உமக்குக் கற்றுத் தந்த சொல் என்ன?"

'எனக்குத் தெரியாததா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லித் தொலைத்தால் அந்தப் பெண் இங்கேயே தங்கிவிடுவாளே! அப்படியே விழுங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்வதில் அவருக்கு லாபம் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி முழங்கினார்.

"தெரியாது, அரசே!"

அரசர் காதைத் தேய்த்துக்கொண்டார். "என்ன சொன்னீர்?"

"தெரியாது! எத்தனை முறை கேட்டாலும் தெரியாது!"

உமையாள் கைகூப்பினாள். "அரசே, நான் உங்கள் காதில் சொன்ன சொல் எது?"

"அதேதான்!" அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "நாற்பது ஆண்டாக இவர் வாயில் வராத சொல்! 'தெரியாது'! அதையும் என்ன தெளிவாகச் சொல்கிறார் பாருங்கள்!"

மழவராயர் வாயைத் திறந்தார். 'எனக்குத் தெரியா...' என்று தொடங்கியவர், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவும் அவருக்குப் புதிது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றினார். உமையாள் அதை வாங்கி, அருகே நின்ற அண்ணன் கழுத்தில் போட்டாள். "வாசலில் வண்டி தயாராக இருக்கிறது, அரசே. மீனவர்களிடம் வழி கேட்டு வருகிறேன்" என்று கிளம்பினாள்.

"போய் வா" என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இது இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆமாம், இந்த அவையில் அந்தச் சொல்லை அடுத்து யார் கற்க வேண்டும்?"

உமையாள் அவைக்குள் உலவிய மயிலைப் பார்த்தாள். மீசையில்லாத அரசர் முகத்தைப் பார்த்தாள். மிகவும் பணிவோடு சொன்னாள்:

"தெரியாது, அரசே."