செருப்பு ஸ்டாண்டு டோக்கன்

"அம்மா, என் கை ஏன் ஓய்ந்துபோனது?"

கேட்டவர் ஓவியர் இளங்கண்ணன். அறுபதைத் தாண்டியவர். அவர் அம்மா என்று அழைத்த துறவி தவமணி அவரைவிட இளையவர். ஆற்றங்கரை மடத்தில் தனியாக இருந்தார். கேள்வியோடு வருகிறவர்களைப் பெரும்பாலும் இன்னொரு கேள்வியோடு திருப்பி அனுப்புவார்.

"என்ன செய்து பார்த்தீர்கள், ஐயா?"

இளங்கண்ணன் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே டோக்கன்கள். தேயிலைத் தோட்டத்துப் பித்தளை, ஆலை கேன்டீன் அலுமினியம், சைக்கிள் ஸ்டாண்டுத் தகரம். ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை. வெல்வெட் துணியில் வரிசையாகப் பதித்திருந்தார்.

"இவற்றைப் பார்த்தால் படம் தோன்றும் என்று நினைத்தேன். தினமும் பார்க்கிறேன். ஒரு கோடுகூட வரவில்லை. தூரிகைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்."

தவமணி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"புளி வாசம்."

"பளபளப்பாக இருக்கட்டுமே என்று தேய்த்தேன்."

"இது எந்த ஊருடையது?"

"மலைக்கோயில் அடிவாரம். செருப்பு ஸ்டாண்டு டோக்கன். பழைய சாமான் சந்தையில் கிடைத்தது."

"டோக்கன் இங்கே இருக்கிறது. செருப்பு?"

"அங்கேயே கிடந்திருக்கும்."

"ஆள்?"

"வெறுங்காலோடு போயிருப்பார்."

"ஏன்?"

இளங்கண்ணன் குனிந்து டோக்கனைப் பார்த்தார்.

"தெரியவில்லை, அம்மா."

தவமணி டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

மறுநாள் இளங்கண்ணன் மலைக்கோயிலுக்குப் போனார்.

ஸ்டாண்டில் இருந்த பெண் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க மாமனார் காலத்துதுங்க. அப்ப எந்தச் செருப்ப விட்டுட்டுப் போனீங்க?"

"நான் இல்லை. வேறு யாரோ."

"யாரு?"

"அதுதான் தெரியவில்லை."

அவள் மூலையைக் காட்டினாள். யாரும் வாங்க வராத செருப்புகள் குவிந்து கிடந்தன. குழந்தையின் ஒற்றைக் காலணி. வார் பின்னூசியில் நிற்கும் ஒன்று. கறுத்துப்போன ஜரிகை வைத்த கல்யாணச் செருப்பு.

"இவங்கல்லாம் ஏன் திரும்பி வரலைன்னு நானும் யோசிச்சிருக்கேன். தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

இளங்கண்ணன் தன் செருப்பை அவளிடம் கொடுத்துவிட்டு மலையேறினார். இறங்கும்போது நல்ல உச்சி வெயில். ஸ்டாண்டில் நிற்காமல் தெருவில் நடந்தார்.

"ஐயா, உங்க செருப்பு!"

"இருக்கட்டும்மா!"

தார் ரோட்டில் பாதம் கொப்பளித்தது. நிழலுக்கு நிழல் ஓடினார். ஒரு புளிய மரத்தடியில் ஒற்றைக்காலில் நின்றபோது தோன்றியது: அந்த டோக்கனுக்கு உரியவரும் இங்கேதான் நின்றிருப்பார். கையில் எதையோ தூக்கிக்கொண்டு. இல்லை, யாரையோ.

சாயங்காலம் மடத்துக்கு வந்தார். அடுப்பங்கரையிலிருந்து கரித்துண்டை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார்.

முதலில் இரண்டு பாதங்கள் வந்தன. பிறகு முழங்கால். தோளில் சாய்ந்த ஒரு சின்னத் தலை.

தவமணி விளக்கை நகர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏன் செருப்பை விட்டுப் போனாராம்?"

இளங்கண்ணன் நிமிரவில்லை.

"முகம் வரட்டும், அம்மா. அவரிடமே கேட்கிறேன்."