ஒரே பையின் இரண்டு துண்டுகள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது.

நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை. கன்று வளர்க்கும் கறுப்பு பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக இந்த வருஷம் முதலாளி மக்கும் பை வாங்கினார். அருளப்பன் என்பவர் நாற்பது எலுமிச்சைக் கன்று எடுத்தபோது, "பையைக் கிழிக்க வேண்டாம், அப்படியே நடுங்க. அதுவா மக்கிடும்" என்று சொன்னது நான்தான்.

ஒன்றரை மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள்.

"வாயைக் கொடுத்தது நீ. பதிலும் நீயே சொல்லு. கன்று செத்தா உனக்கு இங்கே வேலை இல்ல" என்றார் முதலாளி.

பேரூராட்சி உரக் கிடங்கில் வேலை பார்க்கும் ஜைனப்பைத் தேடிப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மக்குகிற விஷயம் எதுவானாலும் ஊரில் அவளிடம்தான் கேட்பார்கள்.

"ஜைனப், இந்தப் பை எத்தனை நாள்ல மக்கும்?"

அவள் குப்பைக் குவியலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நூத்தியெண்பது நாள்னு பையிலயே போட்டிருக்கு" என்றேன்.

"எங்கே வச்சா?"

"அது போடலையே."

"குவியலுக்குள்ள கையை விடுங்கக்கா."

"பாம்பு கீம்பு கிடந்தா?"

"இந்தச் சூட்டுல பாம்பு அவிஞ்சு போயிடும். விடுங்க."

விட்டேன். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டேன்.

"அருளப்பன் தோட்டத்து மண்ணு இப்படிச் சுடுமா?"

நான் கையை உதறிக்கொண்டு நின்றேன்.

குவியலுக்குள்ளிருந்து ஒரு பைத் துண்டு எடுத்தாள். வேலியோரம் தோண்டி இன்னொரு துண்டு எடுத்தாள். இரண்டையும் கழுவிக் கொடுத்தாள். முதல் துண்டு சல்லடையாக இருந்தது. விரல் பட்டதும் பொடிந்தது. இரண்டாவதை இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை.

எனக்கு உயிர் வந்தது. "அது நல்ல பை, இது மட்டமான பை. முதலாளியை யாரோ ஏமாத்திட்டாங்க!"

"ஒரே பைதான். உங்க பண்ணைக் குப்பையில வந்தது. மூணு மாசம் முன்னாடி நான்தான் ரெண்டாக் கிழிச்சு, ஒண்ணைக் குவியல்லயும் ஒண்ணை வேலியோர மண்ணுலயும் புதைச்சேன்."

இரண்டாவது துண்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஊசி குத்தினாற்போல வெளிச்சம் தெரிந்தது.

"ஓட்டை விழுந்திருக்கே?"

"மாவு இருந்த இடம். மாவும் இன்னொரு சரக்கும் கலந்து செஞ்ச பை இது. மண்ணுல இருக்கிற கிருமி மாவை முதல்ல தின்னுடும்."

"மத்தது?"

"அதை ஈரமும் சூடும் சேர்ந்து உடைக்கணும். உடைஞ்சு தூளானாத்தான் கிருமி அதுல வாய் வைக்கும்."

"சூடு இல்லாட்டி?"

"காத்திருக்கும்."

"எத்தனை நாள்? ஏதாவது ஒண்ணு சொல்லு தாயி. திங்கக்கிழமை அருளப்பன் வர்றார். அவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

துண்டை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எலுமிச்சை வேர் எத்தனை நாள் காத்திருக்கும்க்கா?"

திங்கட்கிழமைவரை நான் இருக்கவில்லை. கடையில் ஒரு பிளேடு வாங்கிக்கொண்டு நேராக அருளப்பன் தோட்டத்துக்கே போனேன்.

"நான் சொன்னது தப்புங்க" என்றேன்.

"மக்கும்னீங்களேம்மா?"

"கன்றைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

சுற்றிலும் மண்ணைத் தோண்டினேன். பை முழுசாக இருந்தது. வேர் உள்ளேயே வட்டம் போட்டிருந்தது. மேலிருந்து கீழே பையைக் கீறி உருவினேன். வேரை விரலால் பிரித்துவிட்டு மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

அடுத்த கன்றுக்கு நகர்ந்தேன். அருளப்பன் தானாகவே குனிந்து அதைப் பிடித்தார்.